ஃப்ரீசரில் ஒரு குளோரின் குழாய்

மூணாம் வகுப்போடு நின்றாலும் ரெண்டு அரிசி மில்லுக்குச் சொந்தக்காரன் நான்; யாருக்கு என்ன சிக்கல் என்றாலும் வழி சொல்லிவிடுவேன். அன்னவாசல் பஸ்ஸில் முன் சீட்டு அம்மா தன் வீட்டுக்காரரிடம், "குளோரின் இருக்கிற வீட்டுக்குப் பாப்பாவ எப்படிங்க தலைப்பிரசவத்துக்குக் கூட்டியாரது?" என்றதும் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"இரும்பு, ஈயம், கந்தகம்னு ஒவ்வொரு தனிமமா அலமாரியில சேத்து வச்சப்ப நீயுந்தானே தொடச்சு அடுக்குன?"

"அதெல்லாம் சும்மா கெடக்கும். இது வெசக்காத்துங்க."

"குளிரவச்சுத் தண்ணியாக்கி, கண்ணாடிக் குழாயில அடைச்சு, வாயை உருக்கி மூடியிருக்கேன். ஒழுகாது."

"அப்ப ஃப்ரீசர்ல இருந்த மீனையெல்லாம் எடுத்துட்டு அதை எதுக்கு உள்ள வச்சீங்க?"

"பாதிக் குழாயா இருந்தா பாக்க நல்லால்லைன்னு கழுத்துவரைக்கும் ரொப்பிட்டேன். சூடு ஏறுனா விரிய எடமில்ல. வெடிச்சிரும்."

"கரண்டு போனா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எங்கிட்டாவது தூக்கிப் போட்டுருங்க."

"எங்கிட்டுப் போட? காலேஜுல கேட்டேன், தொடவே மாட்டேங்கிறாங்க. போற வழியில ஒடஞ்சா பக்கத்துல நிக்கிறவுக கதி?"

எனக்கும் ஒரு வழியும் தோன்றவில்லை. அந்த அம்மா போனை எடுத்தார்.

"பாப்பா, நீ மாமியா வீட்டுலயே பெத்துக்க ஆத்தா. இங்க கரண்டு சரியா நிக்கிறதில்ல."