இரண்டு தடவை போடச் சொன்ன பாட்டு

தலைமைக் கதிரையில் இருக்கும் எங்கள் சங்கத் தலைவி திருமதி மீனாம்பாள் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, கணவரை இழந்து முன்வரிசையில் துயரத்தோடு இருக்கும் தனலெட்சுமி அக்கா, டண்டினொங்கில் இருந்து வந்திருக்கும் மகள் விஷாலினி, பரமட்டாவில் இருந்தும் லிட்கமில் இருந்தும் மழையோடு மழையாக வந்து சேர்ந்திருக்கும் நண்பர்களே, வந்ததில் இருந்து சமையல் வாசம் வரும் குசினிப் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்க்கும் அன்பர்களே, உங்கள் எல்லோருக்கும் இந்தக் கனத்த மாலையில் என் வணக்கம்.

என் பெயர் தவராசா. சிட்னி வென்ட்வேர்த்வில் சனிக்கிழமைப் படக்குழுவில் தேநீருக்கும் ரோல்ஸுக்கும் பொறுப்பாக இருப்பவன். பேசத் தெரிந்தவர்கள் இத்தனை பேர் மேடையில் இருக்க, என்னையும் பேசச் சொன்னார்கள். மறுக்கவில்லை. எனக்கு இங்கே சொல்ல ஒன்று இருக்கிறது. அதை இந்த மைக்கில்தான் சொல்ல வேண்டும்.

இசைத்தொண்டர் கிளமெண்ட் அப்பளசாமி மறைந்துவிட்டார்! காலையில் குளித்துவிட்டு வந்து கட்டிலில் இருந்தவர், அப்படியே போய்விட்டார். நோய் இல்லை, நொடி இல்லை. ஒருவரிடமும் சொல்லவில்லை. எதையுமே சொல்லாமல் செய்வது அவருடைய பழக்கம். அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் நான் பேசப் போகிறேன்.

யார் இந்தக் கிளமெண்ட்? மலேசியாவின் ஈப்போவில் பிறந்தவர். வாலிப வயதில் அங்கே ஒரு கிளப்பில் கிட்டார் வாசித்தவர். சிட்னிக்கு வந்து ரயில்வேயில் மின்வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இதெல்லாம் நினைவு மலரில் அச்சடித்திருக்கிறது. அச்சடிக்காதது ஒன்று உண்டு. இந்த ஊரில் யாழ்ப்பாணத்தார் ஒரு பக்கம், தமிழ்நாட்டார் ஒரு பக்கம், மலேசியா சிங்கப்பூர்க்காரர் இன்னொரு பக்கம் என்று ஆளுக்கொரு சங்கம் வைத்து, ஆளுக்கொரு பொங்கல் பொங்கிக்கொண்டிருந்தோம். எங்களை ஒரே வரிசையில் நிற்க வைத்தது யார்? தலைவர்களா? தீர்மானங்களா? பழைய அமெரிக்க ராக் அன்ட் ரோல் படங்களைத் தூக்கிக்கொண்டு வந்த இந்த ஒரு மனிதர்!

ஐம்பதுகளில் வந்த கறுப்பு வெள்ளைப் படங்கள். பெடியன்களின் தலையில் பளபளக்கும் எண்ணெய், பெட்டைகளுக்குக் குடை மாதிரி விரியும் பாவாடை. கதை எல்லாப் படத்திலும் ஒன்றுதான். ஊர்ப் பெரியவர்கள் இந்தப் பாட்டு கூடாது என்பார்கள், பிள்ளைகள் மீறி ஆடுவார்கள், கடைசியில் பெரியவர்களும் மேசைக்குக் கீழே காலைத் தட்டுவார்கள். இதற்கு நடுவில் குழுவுக்குப் பின் குழுவாக வந்து, மேடையில் பாடிவிட்டுப் போவார்கள். அந்தப் பாட்டுகள்தான் கிளமெண்டின் உயிர்.

முதல் காட்சி நினைவிருக்கிறதா? மீனாம்பாள் அவர்கள் சிரிக்கிறார், அவருக்கு நினைவிருக்கிறது. படம் ஓடியது, முதல் பாட்டு தொடங்கியது. நாங்கள் என்ன செய்தோம்? எழும்பினோம், வெளியே போனோம்! பாட்டு வந்தால் தேநீர், கதை வந்தால் கதிரை. நமக்குத் தெரிந்த சினிமா அதுதானே? ஒருவர் புகைக்கப் போனார், ஒருவர் போனோடு போனார், மிச்சப்பேர் என் குசினி ஜன்னலில் தொங்கினார்கள். பாட்டு முடிந்ததும் ஒழுங்காகத் திரும்பி வந்தோம். வாசலில் கிளமெண்ட் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்று, தன் மலேசியா 'லா'வோடு சத்தம் போட்டார்.

"என்னாங்க நீங்க! பாட்டுக்காகத்தான் படமே எடுத்தாங்க லா! கதைக்கு வெளிய போங்க, பாட்டுக்கு உள்ள வாங்க!"

படத்தைத் திருப்பி ஓடவிட்டார். அன்றைக்கே சட்டம் போட்டார். கதை ஓடும்போது குசினி ஜன்னல் திறக்கும், பாட்டு வந்தால் அடைபடும். பாட்டு வந்தால் ஒருவரும் கதிரையில் இருக்கக் கூடாது, எழும்ப வேண்டும், ஆட வேண்டும். அதனால்தான் இத்தனை வருடம் படம் பார்த்தும், ஒரு படத்தின் கதையாவது முழுதாகத் தெரிந்த ஆள் இந்த மண்டபத்தில் இல்லை. ஆனால் ஆடாத ஆளும் இல்லை! முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து வந்த எங்கள் தலைவியார் ஊன்றுகோலை உயர்த்தி ஆட்டினாரே, அதை மறக்க முடியுமா? புருஷனைப் பறிகொடுத்துவிட்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தவர்கள் இங்கே வந்து வியர்க்க வியர்க்க ஆடினார்களே, அதுவும் தொண்டுதான். இசைத்தொண்டர் என்று பட்டம் கொடுத்தபோது அவர் சிரித்தார். சிரித்தாலும் அது பொருந்திய பட்டம்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. எல்லோரையும் இருத்தி உபசரிக்கும் இந்த மனிதர், குசினியில் நின்றபடிதான் சாப்பிடுவார். நான் கதிரையை இழுத்துப் போடுவேன். "இருங்கோவன் அண்ணை" என்பேன். "பழகிப் போச்சு லா" என்பார். அது என்ன பழக்கம் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. அவருடைய மகள்தான் கேட்டாள்.

நண்பர்களே, இனி நான் சொல்வது கொஞ்சம் கஷ்டம். கேளுங்கள்.

இந்த வருடம் தை மாதக் காட்சிக்கு விஷாலினி வந்திருந்தாள். அன்றைக்கு ஓடிய படத்தில், கறுப்பு உடை போட்ட நான்கு பேர், நால்வரும் கறுப்பின அமெரிக்கர்கள், ஒரு பள்ளிக்கூட விழாவில் வந்து வாசிக்கும் பாட்டு. உங்கள் எல்லோருக்கும் அது பிடித்த பாட்டு, அதற்குத்தான் நாங்கள் அதிகம் ஆடியிருக்கிறோம். அன்றைக்கும் ஆடினோம். விஷாலினி மட்டும் ஆடவில்லை. பாட்டு முடிந்ததும் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

"டாட், இந்த நாலு பேர்கிட்டயும் படத்துல யாருமே ஒரு வார்த்தை பேசல. வாசிச்சிட்டுக் காணாமப் போயிட்டாங்க. நீங்களும் அந்தக் கிளப்ல அப்படித்தானே நின்னீங்க?"

ஈப்போ கிளப் கதை நமக்கெல்லாம் தெரியும். தோட்டத்து வெள்ளைக்காரர்கள் ஆடும் கிளப். வாசிப்பவர்கள் குசினிக் கதவால் உள்ளே போக வேண்டும், குசினியிலேயே நின்று சாப்பிட வேண்டும். கிளமெண்ட் அதைப் பகிடியாகத்தான் சொல்வார். "உள்ள பரிமாறுனத விட குசினிச் சாப்பாடுதான் ருசி" என்பார். நாங்களும் விழுந்து விழுந்து சிரிப்போம். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. புரொஜெக்டரை அணைத்தார், ஜாக்கெட்டை எடுத்தார், போய்விட்டார். அதற்குப் பிறகு இங்கே படம் ஓடவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? மகள் சபையில் அவமானப்படுத்திவிட்டாள் என்றார்கள். கிழவனின் ஒரே சந்தோஷத்தையும் பறித்துவிட்டாள் என்றார்கள். அவர் போன பிறகு இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அந்தக் கேள்விதான் அவரைக் கொன்றது என்று செத்தவீட்டிலேயே என் காதுபடச் சொன்னார்கள். சொன்னவர்கள் இங்கேயும் இருக்கிறீர்கள். நான் பெயர் சொல்லப் போவதில்லை, பயப்பட வேண்டாம்.

அடக்க நாளன்று தேவாலய வாசலில் விஷாலினி என்னைப் பிடித்துக் கேட்டாள். "அங்கிள், நான் கேட்டிருக்கக் கூடாதா?"

நான் பதில் சொல்லவில்லை. பழி எல்லோர் முன்னாலும் சுமத்தப்பட்டது. பதிலை மட்டும் காதுக்குள் சொல்வது எப்படி நியாயம்? இன்றைக்குச் சொல்கிறேன். மகளே, பொய் சொல்லி உன்னைத் தேற்ற மாட்டேன். ஓம், படத்தை நிறுத்தியது உன் கேள்விதான். ஆனால் ஏன் நிறுத்தினார், நிறுத்திவிட்டு என்ன செய்தார் என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவர் என் வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தார்.

ஒவ்வொரு கிழமையும் ஒருநாள் வருவார். அந்த ஒரே பாட்டைப் போடுவார், சத்தம் இல்லாமல். பாட்டைத் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்ற மனிதர், பாட்டைச் சத்தம் இல்லாமல் பார்த்தார்! ஒருநாள் திரையை விரலால் தொட்டுச் சொன்னார். "தவா, இந்த சாக்ஸ் வாசிக்கிறவரப் பாரு. ஆடுறவங்க பக்கம் கண்ணு போகவே இல்ல. எங்க மேனேஜரும் அப்படித்தான் சொல்லுவாரு. துரைமாருங்க ஆடுறப்ப, அவுங்க பொம்பளைங்கள நிமிந்து பாக்கக் கூடாது. செவுத்தப் பாத்து வாசிக்கணும். இவரும் செவுத்தத்தான் பாக்குறாரு லா."

பாட்டை முதலில் இருந்து திரும்பப் போட்டார். பிறகு சொன்னார். "இத்தன வருஷம் இதப் போட்டு ஆடியிருக்கேன். ஒருநாளும் இவரப் பாக்கலையே. நானே பாக்கலையே."

நாங்கள் மகிழ்ச்சியாக ஆடிய அந்த மூன்று நிமிடம், இன்னொருவர் தலை நிமிராமல் நின்ற மூன்று நிமிடம். இதைத் தெரிந்துகொண்டு எப்படி ஆடுவது? ஆடாமல் விட்டால் அந்த இசைக்கு என்ன மரியாதை? "அப்ப இனிப் போட மாட்டீங்களோ அண்ணை?" என்று கேட்டேன்.

"போடாம விட்டா அந்த மூணு நிமிஷமும் அவுங்களுக்கு இல்லாமப் போயிடும்" என்றார். "ரெண்டு தடவ போடணும் தவா. மொத தடவ யாரும் ஆடக் கூடாது. நின்னு அவுங்க மொகத்தப் பாக்கணும். ரெண்டாவது தடவ ஆடணும். ஆடுனது தப்பில்ல, பாக்காம ஆடுனதுதான் தப்பு. எம் மக அதத்தான் கேட்டா."

எம் மக அதத்தான் கேட்டா! விஷாலினி, கேட்டாயா? நெஞ்சு உடைந்தவர் பேசும் பேச்சா இது? சபையோரே, அவமானப்பட்டவர் பேசும் பேச்சா இது?

"இதை அவளிட்டச் சொல்லுங்கோ" என்று நான் கெஞ்சினேன். கேட்டாரா? "சபையில கேட்டா, சபையிலதான் பதில். அடுத்த காட்சிக்கு வருவா இல்ல, அப்பக் காட்டுறேன்." தனலெட்சுமி அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த நிமிடமே டண்டினொங்குக்குப் போன் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். என் வாயையும் சத்தியம் வாங்கிக் கட்டினார். அக்கா, எனக்கு உங்கள் புருஷன்மேல் கோபம் இருக்கிறது. இரங்கல் மேடையில் சொல்லக் கூடாததுதான், ஆனாலும் சொல்கிறேன். ஒரு போன் எடுத்திருந்தால் என்ன? மகளோடு குப்பைத் தொட்டி பற்றியும் குளிர் பற்றியும் எவ்வளவோ கதைத்த மனிதர், இதை மட்டும் ஏன் மூடி வைத்தார்? நல்ல பதிலைக் கையில் வைத்துக்கொண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தார். நாள் அவருக்காகக் காத்திருக்கவில்லை.

அவர் பார்த்த நாள் எது தெரியுமா? இன்றைக்கு! இந்த மண்டபத்தை இந்தச் சனிக்கிழமைக்குப் பதிவு செய்தது சங்கம் இல்லை. வேண்டுமானால் தலைவியாரைக் கேளுங்கள். கிளமெண்ட்தான் பதிவு செய்தார், படம் போடுவதற்காக. அவர் எடுத்து வைத்த மண்டபத்தில்தான் நாங்கள் அவருக்கு இரங்கல் கூட்டம் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே, சபையோரே, எங்கள் குழுவின் சார்பில் நான் சொல்வது இதுதான். சனிக்கிழமைப் படங்கள் நிற்காது. அந்த நால்வரைப் போல ஒதுக்கப்பட்டவர்கள் வாசிக்கும் பாட்டு வரும்போதெல்லாம் இரண்டு தடவை ஓடும். இனிக் குசினியில் வேலை செய்யும் ஒருவரும் அங்கே நின்றுகொண்டு சாப்பிடக் கூடாது, மண்டபத்துக்குள் வந்து எல்லோரோடும் இருந்து சாப்பிட வேண்டும். நான் உட்பட. இது கிளமெண்ட் போடாத சட்டம், நான் போடுகிறேன்.

கூட்டத்தின் முடிவில் மௌன அஞ்சலிக்கு எழும்பச் சொல்வது வழக்கம். தலைவியாரின் அனுமதியோடு அதை நான் இப்போதே கேட்கிறேன். எல்லோரும் எழும்புங்கள். அந்தப் பாட்டு இப்போது ஓடும். ஒருவரும் ஆட வேண்டாம், கைதட்ட வேண்டாம், பேச வேண்டாம். அந்த நான்கு பேரின் முகத்தைப் பாருங்கள். சாக்ஸ் வாசிப்பவரின் கண்ணைப் பாருங்கள். ஈப்போவில் சுவரைப் பார்த்து வாசித்த ஒரு பெடியனையும் அங்கேயே பாருங்கள். அதுதான் கிளமெண்டுக்கு மௌன அஞ்சலி.

பிறகு பாட்டு இன்னொரு தடவை ஓடும். அப்போது என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். துக்க வீட்டில் ஆடலாமா என்று கேட்பவர்கள் நின்றுகொண்டே இருக்கலாம், குறை இல்லை. ஆனால் விஷாலினி, உன் அப்பா உனக்குச் சொன்ன பதிலில் ஆடுவது பாதி. நீ கால் எடுத்து வைத்த பிறகுதான் நாங்கள் வைப்போம். நீ எவ்வளவு நேரம் எடுத்தாலும் நிற்போம்.

குசினி ஜன்னலை அடைத்துவிட்டேன், ஒருவரும் அந்தப் பக்கம் பார்க்க வேண்டாம். பாட்டு வருகிறது.