பிக்கப் கட்டியிருந்த புடவை

நெய்வேலியிலிருந்து பண்ருட்டி போகும் பேருந்து. முன்சீட்டுக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சத்தமாகவே சொன்னார்.

“பொண்டாட்டி பொடவைய அவுத்துப் போட்டதும் வண்டி பறக்குதுண்ணா!”

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“இன்னாடா சொல்ற?”

“நம்ம பழைய டீசல் பிக்கப்புதாண்ணா. மைன்ஸ் பக்கம் ஓடுதே, கரித்தூள் போவக் கூடாதுன்னு ஏர் ஃபில்டர் மேல அவ பழம்பொடவைய மடிச்சுக் கட்டிகினு ஓட்டினேன். வண்டி மூச்சுவுட முடியாம திணறிச்சு. மெக்கானிக்கு டர்போவே மாத்தணும்னாரு. மச்சான் காயலாங்கடைக்குப் போடுன்னான்.”

“அப்புறம்?”

“துணிய எடுத்தேன், புது ஃபில்டர் போட்டேன். அவ்ளோதான் செலவு. நேத்து பலாப்பழ லோடோட மேம்பாலத்துல சும்மா ஜம்முன்னு ஏறிச்சு!”

“மச்சானோட புது வண்டியும் கூட வந்துச்சாமே?”

“வந்துச்சுண்ணா. என் சைடு கண்ணாடியில, பின்னாடி சின்னதாத் தெரிஞ்சுது.”