ஏசுராஜின் கட்டைவிரல்

என் பெயர் முத்துலட்சுமி, வயது அறுபத்தேழு, கணவர் பெயர் மாணிக்கவாசகம், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, ஆழ்வார்பேட்டையில் வசிக்கிறேன். விபத்து குறித்துக் காவல் ஆய்வாளர் கேட்டதன் பேரில் நான் கண்டதைச் சொல்கிறேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை செல்போன் ஆப்பில் தயிரும் கொத்தமல்லியும் ஆர்டர் செய்தேன். கொண்டு வந்தவர் சாந்தோம் குப்பத்தைச் சேர்ந்த ஏசுராஜ். எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வருபவர். எங்கள் கேட்டுக்கு முன்னால் தண்ணீர் லாரி ஒன்று அவரது பைக்கை உரசிச் சென்றதில், கீழே விழுந்து நினைவிழந்தார். மாடியிலிருந்து பார்த்த நான் இறங்கி ஓடினேன். ஏசுராஜுக்குப் பின்னாலேயே வந்த இன்னொரு டெலிவரி ஊழியர் ஃபைசான், துணியால் அவர் நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

அதன் பிறகு, தெருமுனையில் உள்ள அந்த ஆப் நிறுவனத்தின் கிடங்கிலிருந்து டீம் லீடர் சக்திவேல் வந்தார். ஆம்புலன்ஸை அழைக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் ஏசுராஜின் போனை எடுத்தார். நினைவில்லாதவரின் கட்டைவிரலில் ரத்தமும் தயிரும் இருந்தன. அதை ஏசுராஜ் அணிந்திருந்த, நிறுவனத்தின் பெயர் போட்ட டி-ஷர்ட்டிலேயே துடைத்து, போனில் வைத்து அழுத்தித் திறந்தார்.

"இன்னா சார், ஆம்புலன்ஸக் கூப்டாம அவன் விரலப் புடிச்சிக்கினு கீற?" என்று ஃபைசான் கேட்டார்.

"லாக் அவுட் பண்றேன். நீ வாய மூடு. உன் ஐடியயும் சேத்துத் தூக்கவா?"

"முதல்ல மூச்சு இருக்கான்னு பாருங்க" என்றேன். "மேடம், இது எங்க பார்ட்னர் மேட்டர். உங்க தயிரு வேற ஆள்ட்ட வரும், உள்ள போங்க" என்றார். அப்போதே என் போனுக்குச் செய்தி வந்தது: வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டபடி ஆர்டர் ரத்து. நான் கேட்கவில்லை. அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்திருக்கிறேன். ஆம்புலன்ஸை அழைத்தது நான்தான்.

விபத்தின்போது ஏசுராஜ் வேலையிலேயே இல்லை, அவர் தொழிலாளியும் அல்ல, பார்ட்னர், ஆகவே காப்பீடு கிடையாது என்று அவர் மனைவி அஸ்வினியிடம் நிறுவனம் கூறியிருக்கிறது. ஏசுராஜ் இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கிறார். காலமெல்லாம் வகுப்பில் வருகைப் பதிவு எடுத்தவள் நான். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு, அவன் கையைப் பிடித்தே ஆப்சென்ட் போட்டதை நான் கண்டதில்லை. அன்று கண்டேன்.

இதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, அத்தனையும் உண்மை. என் கையை யாரும் பிடிக்கவில்லை. முழு நினைவோடு நானே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) மா. முத்துலட்சுமி