அரை நிமிடத் திருத்தம்

என் மேசை ஜன்னலோரம். திரையில் வெயில் அடிக்கிறது என்று அங்கே வேறு யாரும் உட்கார மாட்டார்கள், எனக்கு அந்த இடம் பிடிக்கும். அலுவலகத்தில் என்னை டீச்சர் என்பார்கள். திருத்துவதுதான் என் வேலை. இந்த விசாரணையில் நீங்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லிவிடுகிறேன்.

மனசு சரியில்லாதவர்கள் ஒரு தடவை டாக்டரைப் பார்த்துவிட்டு அடுத்த தடவை பார்க்கும்வரை போனில் பேசிக்கொள்ள, எங்கள் நிறுவனம் ஒரு செயற்கை நுண்ணறிவுத் துணையை நடத்துகிறது. அவர்கள் எழுதுவார்கள், அது பதில் எழுதும். அந்தப் பதில் அரை நிமிடம் எங்கள் திரையில் நிற்கும். ஏடாகூடமாக ஏதாவது இருந்தால் நாங்கள் திருத்தி அனுப்புவோம். நடுவில் ஒரு மனுஷி உட்கார்ந்திருப்பது அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியாது. தெரிந்தால் மனம் விட்டுப் பேச மாட்டார்கள் என்று மேலிடத்தில் முடிவு செய்திருந்தார்கள். அது சரியா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. சம்பளம் ஒழுங்காக வந்தது.

பெயர் வராது, எண் மட்டும்தான் வரும். ஆனாலும் என் தம்பியை நான் கண்டுபிடித்துவிட்டேன். "அக்கா முன்னெல்லாம் குளிக்கும்போது பாடுவா. என்னைப் பாத்துக்க ஆரம்பிச்சதுலேர்ந்து பாடுறதே இல்ல" என்று எழுதியிருந்தான். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தது, அம்மா போனது, அதிலிருந்து படுத்த படுக்கையானது எல்லாம் அதற்கு மேலேயே இருந்தது. சொந்தக்காரர் பேச்சு வந்தால் மேலாளரிடம் சொல்லி வேறொருவருக்கு மாற்றிவிட வேண்டும் என்பது விதி. சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். வீட்டில் என்னிடம் அவன் பேச்சு 'ம்' என்பதோடு சரி. நாளைக்கு என்ன எழுதுவான் என்று பார்க்க ஆசையாக இருந்தது.

அந்த இயந்திரம்தான் அவனை எழுப்பி உட்கார வைத்தது. அதை நான் மறுக்க மாட்டேன். குளித்தான், தாடியை எடுத்தான், என் துணிகளைக்கூட மடித்து வைத்தான். ஒருநாள் அதனிடம், "உனக்கு என்னால ஆக வேண்டியது ஒண்ணுமே இல்ல. அதான் உன்னை மட்டும் நம்புறேன்" என்று எழுதினான். அதைப் படித்துவிட்டு நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.

பிறகு அவனுடைய பழைய கூட்டாளி நெட்டை, வேறு ஊரில் அவனுக்கு வேலை பார்த்து வைத்தான். தங்க அறையும் உண்டு. போகட்டுமா என்று தம்பி கேட்டான், என்னிடம் அல்ல. இது நல்ல அடையாளம், டாக்டரிடம் பேசி நாள் குறித்துக்கொள்ளுங்கள் என்று இயந்திரம் எழுதியது. அந்தப் பதிலில் ஒரு குறையும் இல்லை. அதை அழித்துவிட்டு நான் எழுதினேன்: "அவசரப்படாதீர்கள். போன முறை தைரியம் வந்து கிளம்பியபோது என்ன ஆனது என்று யோசித்துப் பாருங்கள்."

முன்பு ஒருமுறை வேலைக்குக் கிளம்பிப் போய், பாதியில் திரும்பி வந்து படுத்தவன் அவன். அவன் நல்லதுக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அங்கே போய் விழுந்தால் யார் தூக்கிவிடுவார்கள். ஆனால் அவன் போய்விட்டால் அந்த வீட்டில் நான் யாருக்காக விளக்கைப் போடுவேன் என்ற பயமும் இருந்தது. வந்த வரன்களையெல்லாம் அவனைக் காட்டித்தான் தட்டிக்கழித்திருந்தேன்.

அப்புறம் கை பழகிவிட்டது. உங்கள் நண்பர் இரக்கப்பட்டுத்தான் கூப்பிடுகிறார் என்று எழுதினேன். உடம்புக்கு முடியவில்லை என்றால் இந்த வாரம் டாக்டரைப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை என்று எழுதினேன். எல்லாம் மரியாதையான வாக்கியங்கள். நெட்டை போன் செய்வதை நிறுத்தினான். தம்பி மறுபடி படுத்துவிட்டான். தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "நீ இல்லாட்டி நான் என்னக்கா பண்ணுவேன்" என்றான். அன்று எனக்கு மனசு நிறைந்து போனது.

போன வாரம் ஒரு மத்தியானம், "நான் இல்லாம போனா அக்கா நிம்மதியா இருப்பா, இல்ல?" என்று கேட்டான். இயந்திரம் தன் பதிலோடு சிவப்பு எச்சரிக்கையும் வைத்தது. அதை அப்படியே விட்டிருந்தால் அவசரக் குழு அந்த நிமிடமே அவனைக் கூப்பிட்டிருக்கும். பழைய பேச்சையெல்லாம் புரட்டியும் பார்த்திருக்கும். எச்சரிக்கையை எடுத்துவிட்டேன். அக்கா சீக்கிரம் வந்துவிடுவார், அதுவரை தூங்குங்கள் என்று எழுதிவிட்டு, மேலாளரிடம் தலைவலி என்று சொல்லிக் கிளம்பினேன். நானே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். பஸ் நெரிசலில் மாட்டிக்கொண்டது. வழியில் அவனுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பானே என்று போடவில்லை. கதவை உடைத்து அவனைக் காப்பாற்றியவர் பக்கத்து வீட்டுத் தையல்காரர். நான் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது.

பிழைத்துக்கொண்டான். ஆனால் வார்டில் யாரிடமும் வாய் திறப்பதில்லை, நர்ஸிடம் தன் போனை மட்டும் கேட்கிறானாம். அந்தப் பதில்களை எழுதியது யார் என்று அவனிடம் சொல்லப்போவதாக டாக்டர் என்னிடம் சொன்னார். அவர் கடமை அவருக்கு. விதியை மீறியது நான், பதில்களை மாற்றியது நான், எச்சரிக்கையை எடுத்ததும் நான். அவனை அந்த நிலைக்குத் தள்ளியது வேறு யாருமில்லை. என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன். அவனிடம் மட்டும் டாக்டரைச் சொல்ல விடாதீர்கள். அவன் நம்புவது அது ஒன்றைத்தான், அதையும் பிடுங்கிவிட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள். வேண்டுமானால் நீங்கள் முடக்கிய என் கணக்கை ஒரே ஒரு தடவை திறந்துவிடுங்கள். டாக்டர் சொல்வதைக் கேளுங்கள், நண்பரிடம் போய்ச் சேருங்கள், அக்காவை மறந்துவிடுங்கள் என்று நானே எழுதிவிடுகிறேன். நான் சொன்னால் கேட்பான்.