மேற்கோளுக்கொரு திருத்தக் கடிதம் எழுதிய அம்மையாருக்கு

கணினிக் காவலின் கண்ணே! கள்ளச் சாவிகளின் காலனே! அடுத்தவர் பிழையை ஆறப் பொறுத்து, தன் பிழையை ஒரு நொடியும் பொறாத அறிவுப் பெருந்தகையே! வாயிற்காவலர் முதல் இயக்குநர் வரை அன்பு பாதி, அச்சம் பாதியாய்ப் ‘பூட்டுக்காரம்மா’ என்றழைத்த எங்கள் தலைமை ஆய்வாளரே! பணி நிறைவு பெறும் தங்களை வணங்கி மகிழ்கிறோம். மகிழ்கிறோம் என்பது மரபுக்காக எழுதியது. இந்த வழியனுப்பு விழாவில் எவர் முகமும் சரியாக இல்லை.

முப்பத்து மூன்று ஆண்டுகள். தொண்ணூற்று நான்கு ஆய்வுக் கட்டுரைகள். அவற்றுள் ஒன்று உலகப் புகழ் பெற்றது. வலைப்பின்னலில் இரு கருவிகள் ஏமாறாமல் ஒன்றையொன்று அடையாளம் காணத் தாங்கள் வகுத்த வழிமுறை அது. நேற்றுவரை அதை மேற்கோள் காட்டியவை இரண்டாயிரத்து நூற்று நாற்பத்தாறு கட்டுரைகள். அந்த எண்ணை மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டி, ஏதோ நாங்களே எழுதியதுபோல் மார்தட்டிக்கொண்டோம். தாங்களோ அப்பலகையைத் தலைகுனிந்தே கடந்தீர்கள்.

காரணம் உண்டு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பகலில் மின்சாரம் போய் வந்தது. ஆய்வகத்தில் ஒன்றாக விழித்தெழுந்த இரு கருவிகள் வெவ்வேறாக இருக்க வேண்டிய இரகசிய எண்ணை ஒரே எண்ணாகத் தேர்ந்துகொண்டன. அப்படி நேர்ந்தால் நடுவே எவனும் புகுந்துவிடலாம் என்பதைக் கண்டவர் தாங்கள்.

அக்கட்டுரையின் இரண்டாம் ஆசிரியனும் இம்மடலை எழுதும் புண்ணியவானுமான ஒருவனுக்கு அப்போது பதவி உயர்வு நேர்காணல் நெருங்கியிருந்தது. “தற்செயலா இருக்கும் மேடம். ஒரே ஒரு மாசம் பொறுத்துச் சொல்லலாமே,” என்று குழைந்தான்.

“நம்ம முறையை நம்பி ஆஸ்பத்திரியில மருந்து ஏத்துற மெஷினை ஓட்டறாங்கப்பா. அந்த நோயாளியை ஒரு மாசம் பொறுக்கச் சொல்லு, நானும் பொறுக்கறேன்,” என்றீர்கள்.

திருத்தம் அந்த வாரமே வெளிவந்தது. பதவி உயர்வு அந்த ஆண்டு வரவில்லை.

ஆனால் உலகம் கட்டுரையைப் படித்த வேகத்தில் திருத்தத்தைப் படிக்கவில்லை. அதை மேற்கோள் காட்டியோர் பத்தொன்பது பேர். அவர்களுள் எழுவர் நாங்களே. எனவே, கட்டுரையை மேற்கோள் காட்டிய ஒவ்வொருவருக்கும், நாள்தோறும் காலைத் தேநீர் ஆறுவதற்குள், தாங்களே எழுதினீர்கள்: ‘தாங்கள் பாராட்டியிருக்கும் என் கட்டுரையில் பிழை உள்ளது, அருள்கூர்ந்து திருத்தத்தைப் படியுங்கள்.’ ஒருவர் கடிதத்தைச் சரியாகப் படிக்காமல், தங்களைக் கட்டுரையாசிரியரின் எதிரியென்றே எண்ணி, தொலைபேசியில் கூப்பிட்டு, “ஏம்மா, பெரிய மனுஷங்க மேல இவ்வளவு பொறாமை நல்லதில்லை,” என்றார். “சரிங்க. திருத்தத்தைப் படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க,” என்றீர்கள். அக்கடிதங்களால் நாற்பத்தோரு இடங்களில் கருவிகள் மாற்றப்பட்டன.

தங்கள் மகளும் இங்கே முன்வரிசையில் சாட்சி சொல்கிறார்: “என் கல்யாணப் பத்திரிகையையே அம்மா நாலு தடவை திருத்தினாங்க. மாப்பிள்ளையை மட்டும்தான் விட்டு வச்சாங்க.”

தங்கள் அலுவலக மின்னஞ்சல் இன்று மாலையோடு மூடப்படும் என்று சென்ற வாரம் சுற்றறிக்கை வந்தது. இயக்குநரிடம் தாங்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “அதை மட்டும் மூடாதீங்க சார். இனிமே மேற்கோள் காட்டறவங்களுக்கு யார் சொல்லுவா?”

“ரூல்ஸ் இடம் கொடுக்கல மேடம்,” என்றார் அவர், சுவரைப் பார்த்தபடி.

அம்மையீர்! அறிவர் திலகமே! ஆறுதலாய்க் கேளுங்கள். மேற்கோள் அறிவிப்புகள் இனி எங்களுக்கு வரும். ஆறு பேர் நாள் பிரித்துக்கொண்டோம். திங்கட்கிழமை, ஒரு மாதம் பொறுக்கச் சொன்னவனுக்கு. இன்று திங்கள். காலையில் இரண்டாயிரத்து நூற்று நாற்பத்தேழாவது வந்தது. அவன் பதில் எழுதினான்: ‘எங்கள் கட்டுரையில் பிழை உள்ளது.’ கீழே, பன்னிரண்டு ஆண்டுகளில் முதன்முறையாக, தன் பெயரையும் போட்டான்.

நலமும் நிறைவும் சூழ, நூறாண்டு கடந்தும் தாங்கள் வாழ்க! நோய் தங்களை அண்டாதிருக்கட்டும். அண்டினாலும், படுக்கை அருகே நிற்கும் கருவி திருத்தம் படித்தவர்கள் செய்ததாக இருக்கட்டும்!

என்றும் தங்கள் திருத்தத்துக்கு உட்பட்ட,
ஆய்வகப் பணியாளர்கள்