இருபத்திரண்டு ஸ்லைடு

…காரைய எடுத்து மேஜ மேல வச்சாருங்க பாவாடைன்னு ஒரு ஹெச்.எம். சாரு! கூரையிலேர்ந்து பேந்து வுழுந்த காரை! துண்டுல முடிஞ்சி எடுத்தாந்திருக்காரு. கள்ளக்குறிச்சியில ஏசி ஹாலு, நாப்பது ஹெச்.எம்.முங்க ஒக்காந்துகினு இருக்கோம், எதுர்ல பெரிய ஆபீசரு. ஸ்லைடு கெடயாது, ஒண்ணும் கெடயாது. "ஒழுவுதுங்க சார்"னாரு, ஒக்காந்துட்டாரு. அவுருக்குக் கட்டடமாம்! எனக்குப் பொன்னாட!

ஆங்… நான் இந்த பஸ்சு போற வெள்ளிமலைப் பக்கந்தாங்க. தொடக்கப்பள்ளி ஹெச்.எம்.

இருபத்திரண்டு ஸ்லைடுங்க என்துல! மூணு நாளு டிரெயினிங்கு வேற. தலையச் சொறியாத, இழுக்காத, எது கேட்டாலும் சிரிச்ச மொகமாச் சட்டுனு பதில் சொல்லு… அம்பத்தஞ்சு வயசுல கண்ணாடி முன்னாடி நின்னுகினு பேசிப் பாக்கறேன். "இன்னாங்க, பொண்ணு பாக்கப் போறீங்களா?"ன்னு வூட்டுல சிரிக்குது.

எங்க பள்ளிக்கூடத்துலயும் செவுரு வெடிச்சிதாங்க கெடக்குது. கையி உள்ள போவுது. ஐப்பசி மழைக்கு நிக்குமான்னு தெரியல. கட்டடம் கேக்கத்தானே ஸ்லைடே போட்டது! தைலம்மா டீச்சரு வெடிப்பப் போட்டோ புடிச்சிக் குடுத்துச்சி. சேத்தேன். அப்பறம் பாருங்க… ஆபீசரு வந்தா நாம இன்னா பண்ணுவோம்? வெடிப்பு மேல பேனர் கட்டுவோம், சுண்ணாம்பு அடிப்போம், கோலம் போடுவோம். முப்பது வருசமா அதப் பண்ண கையாச்சே. அதுவாப் போயி அந்தப் போட்டோவ ஸ்லைடுலேர்ந்து தூக்கிடுச்சி. அசிங்கமாத் தெரிஞ்சிதுங்க. வாயால சொல்லிக்கலாம்னு, புள்ளைங்க கும்மி அடிக்கிற படத்தப் போட்டுட்டேன்.

பேசுனேன் பாருங்க! நானா பேசுனதுன்னு எனக்கே இருந்துச்சி. கைதட்டு அடங்கவேல்ல. ஆபீசரப் போயி குத்தஞ்சொல்ல முடியாதுங்க. நல்ல மனுசன். வாயத் தொறந்து கேட்டாரு: "கட்டடம் எப்பிடி சார் இருக்கு?"

மைக்கு கையில. அல்லாரும் பாத்துகினு இருக்காங்க. சிரிச்ச மொகமா, சட்டுனு… "ஸ்ட்ராங்கா இருக்குது சார்"னுட்டேன்.

இன்னா? போன் போட்டு மாத்திச் சொல்லலாமே, அதானே? சொல்லலாம். கட்டடம் குடுக்கற லிஸ்ட்ல ஆபீசரு இன்னிக்கு சாயங்காலந்தான் கையெழுத்துப் போடுவாரு. ஆனா, இவ்ளோ நேரம் பேசுனவன் பொய் சொல்லிட்டேன்னு எப்பிடிங்க சொல்றது? கச்சிராயபாளையம் தாண்டி மல ஏறிட்டா டவரு கெடயாது. அதுவரைக்கும் பேசிகினே போயிட்டா தப்பிச்சிடலாம்னுதான்… ஒங்கள வுடாமப் புடிச்சிகினு வர்றேன்.

நீங்க எங்கேங்க போறீங்க?… பொண்ணக் குடுத்த ஊரா? அட, எங்க ஊருதான். பேரப்புள்ளைங்க இருக்குதா?

எந்தப் பள்ளிக்கூடம்?

…

கொஞ்சம் இந்தப் பையப் புடிங்க. போன எடுக்கணும்.