மூன்று கிலோமீற்றர் வேகம்

திருகோணமலையிலிருந்து கிண்ணியா போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவள் சொன்னாள்:

“வேகத்தை எங்கட மனுசன் சரியாத்தான் சொன்னவர், ராத்தா. அதாலதான் தேடிப் போனவருக்குக் கணக்குப் பிழைச்சது.”

“என்ன சொன்னவர்?”

“‘கடல்ல, வழமையா வலை போடுற இடத்தில மெஷின் நிண்டுட்டு, மணிக்கு மூணு கிலோமீற்றர் வேகத்தில தோணி இழுபடுது’ எண்டார். அதோட ஃபோன் செத்திட்டு.”

“எந்தப் பக்கம் எண்டு சொல்லல்லையா?”

“இல்ல. அவர்ர தம்பி அந்த இடத்துக்குப் போய்ச் சேர ரெண்டு மணித்தியாலம். ஆறு கிலோமீற்றர் எண்டு கணக்குப் பாத்து, வடக்க தேடினவர். இவர் தெற்க ஆறு கிலோமீற்றர் போயிட்டார்.”

“அல்லாஹ்! இடையில பன்னிரண்டு.”

“ஓம். விடியத்தான் இலங்கைத்துறை ஆக்கள் கண்டு இழுத்து வந்தவங்க.”

அவளுடைய ஃபோன் அடித்தது.

“அறுபது கிலோமீற்றர் வேகத்தில வாறது சரி, எங்க வாறீங்க? … ஹலோ?”

ஃபோனை மடியில் வைத்தாள்.

“மனுசன்தான். என்னைக் கூட்டிப்போகத் திருகோணமலைக்கு வாறாராம். நான் பஸ் ஏறிட்டன் எண்டு சொல்லுறதுக்குள்ள வெச்சிட்டார்.”

பஸ் கிண்ணியாப் பாலத்தில் ஏறியது. எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் வந்து, எங்களைக் கடந்து திருகோணமலைப் பக்கம் பறந்தது. அவள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

“அந்தா போறார், ராத்தா. சொன்ன மாதிரி அறுபதேதான்.”